ஒரு கரண்டி உறைமோர்

அம்மா இறந்த பிறகு அந்த வீட்டில் அவள் விட்டுப்போன உயிர்கள் மூன்று. முதலாவது உதயா. பதினோரு வயது, ஆறாம் வகுப்பு. இரண்டாவது அவள் தம்பி கௌதம். ஐந்து வயது, சோற்றில் தயிர் ஊற்றினால்தான் வாயைத் திறப்பான். மூன்றாவது, தயிர்.

தயிர் ஓர் உயிரா என்று நீங்கள் கேட்பீர்கள். உதயாவும் அப்படித்தான் கேட்டாள். அதற்கு முன் அந்தத் தயிர் எப்படி இந்த அந்தமான் தீவுக்கு வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

கோவில்பட்டியில் கல்யாணம் முடிந்து அப்பாவோடு கப்பலேறியபோது அம்மா ஒரு சின்ன எவர்சில்வர் தூக்கில் தன் வீட்டு உறைமோரை எடுத்துக்கொண்டாள். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு மூன்று நாள் கடல். கப்பல் ஆடிய ஆட்டத்தில் அவள் சாப்பிட்டது எதுவும் வயிற்றில் நிற்கவில்லை. ஆனாலும் தினமும் கப்பல் கேன்டீனில் பால் வாங்கி உறைமோரில் ஊற்றி அதைக் காப்பாற்றிக் கொண்டுவந்தாள்.

"குடிக்கச் சொல்லி நான் வாங்கிக் கொடுத்த பாலையும் அதுக்குத்தான் ஊத்துனா," என்று அப்பா சொல்வார்.

அதன் பிறகு பதின்மூன்று வருடம், போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் இருக்கும் அந்தச் சின்ன வாடகை வீட்டில், நேற்றைய தயிரில் ஒரு கரண்டி இன்றைய பாலுக்குப் போனது. ஒரு நாளும் விட்டதில்லை.

ஆகஸ்ட் மாதம் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஒரே வாரம். அதோடு எல்லாம் முடிந்துபோனது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

அப்பாவின் பெயர் ஈஸ்வரன். சாத்தம் ஜெட்டியிலிருந்து அக்கரையில் இருக்கும் பம்பூஃபிளாட்டுக்கு வண்டிகளை ஏற்றிப் போகும் ஃெபர்ரிப் படகில் கயிறு கட்டுகிற வேலை. அவர் காலையில் சோறு வடித்துவிட்டுப் போவார். தயிருக்கு உறை ஊற்றும் வேலையை யாரும் உதயாவிடம் சொல்லவில்லை. அம்மா போன மூன்றாம் நாள் அவளே எடுத்துக்கொண்டாள்.

இரவுச் சாப்பாட்டில் கடைசிப் பிடிச் சோற்றுக்கு அப்பா தயிர் ஊற்றிக்கொள்வார். அப்போது மட்டும் மெதுவாகச் சாப்பிடுவார். கௌதம் தட்டை வழித்துக்கொண்டே, "அம்மா தயிரு," என்பான்.

நவம்பர் மாதம் சுதா மிஸ் அறிவியல் வகுப்பில் நுண்ணுயிரிகள் பாடம் எடுத்தார்.

"தயிர்ல இருக்கிறது பாக்டீரியா. உசிருள்ளது. அதுக்குப் பசிக்கும். பால்ல இருக்கிற சர்க்கரையைத் தின்னும். தின்னுட்டு அமிலத்தை வெளியே விடும். அந்தப் புளிப்புலதான் பால் உறைஞ்சு தயிராகுது."

"தயிருக்கு உசிரு இருக்கா மிஸ்?" என்று உதயா கேட்டாள். வகுப்பு சிரித்தது. அவளும் கொஞ்சம் சிரித்தாள்.

"தயிருக்குள்ள இருக்கு. ஒரு கரண்டியில கோடிக்கணக்கா இருக்கும். ஒண்ணு ரெண்டாப் பிரியும், ரெண்டு நாலாகும், நாலு எட்டாகும்."

"அப்போ இன்னைக்கு இருக்கிறது நேத்து இருந்ததோட பிள்ளையா மிஸ்?"

"பிள்ளைன்னும் சொல்லலாம், அதேதான்னும் சொல்லலாம். ரெண்டாப் பிரிஞ்ச பிறகு எது பழசு, எது புதுசுன்னு யாரால சொல்ல முடியும்?"

உதயா சிரிப்பதை நிறுத்தினாள். அப்படியென்றால் அம்மா தூக்கில் கொண்டுவந்தவை இன்னும் வீட்டில்தான் இருக்கின்றன. நேற்று அவள் கரண்டியில் எடுத்ததும் அதே உயிர்கள்தான்.

"வெதுவெதுப்பா இருந்தா அதுங்க வேகமாப் பெருகும். குளிர்ந்தா மந்தமாயிடும்," என்றார் மிஸ். அத்துடன் மணி அடித்துவிட்டது. மிஸ் இன்னும் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அந்த வாரம் முழுக்க மழை. தயிர் சரியாக உறையாமல் நீர்த்துப் போயிருந்தது. கௌதம் அதையும் விடாமல் குடித்துவிட்டுப் பாத்திரத்தைக் கவிழ்த்தான். மிஞ்சியது ஒரே ஒரு கரண்டி.

வியாழக்கிழமை மாலை உதயா பால் பவுடரைக் கரைத்துக் காய்ச்சினாள். வழக்கமாக ஆறவிட்டுத்தான் உறை ஊற்றுவாள். அன்றைக்கு அவளுக்கு அறிவியல் தெரிந்துவிட்டது அல்லவா? வெதுவெதுப்புக்கே வேகமாகப் பெருகும் என்றால், நல்ல சூட்டுக்கு இன்னும் வேகமாகப் பெருகும் என்று நினைத்தாள். பாவம், குளிரில் நடுங்கிக் கிடக்கின்றன என்றும் நினைத்தாள். அடுப்பிலிருந்து இறக்கிய பாலில், நுரை அடங்குவதற்குள், அந்த ஒரு கரண்டியையும் ஊற்றிக் கலக்கினாள். பாத்திரத்துக்குத் துண்டு சுற்றி மூடியும் வைத்தாள்.

விடிந்ததும் திறந்து பார்த்தாள். பால் பாலாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை பள்ளி இடைவேளையில் சுதா மிஸ்ஸைத் தேடிப் போனாள். நடந்ததைச் சொன்னாள். அது யாருடைய தயிர் என்று மட்டும் சொல்லவில்லை.

மிஸ் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "கொதிக்கிற பாலா? ஐயோ, அதை நான் சொல்லாம விட்டுட்டேனே. அந்தச் சூட்டுல அதெல்லாம் செத்துப்போகும்மா."

"ஆறினா திரும்ப வராதா மிஸ்?"

"முட்டை வெந்துட்டா மறுபடி பச்சை முட்டையாகுமா? எந்த உசிரோட உடம்புலயும் புரதம் இருக்கு. சூட்டுல அது உருக்குலைஞ்சு போயிடும். காய்ஞ்சு போச்சுன்னு சொல்லியிருந்தாலாவது ஏதோ நம்பிக்கை உண்டு. தண்ணி இல்லாமக் காய்ஞ்சா சிலது சாகாம அப்படியே கிடக்கும். உன்னோடது வெந்துபோச்சே. விடு, கடையில ஒரு பாக்கெட் தயிர் வாங்கி உறை ஊத்திக்க."

உதயா தலையாட்டினாள். கைகழுவும் குழாய்க்குப் பின்னால் போய் நின்றாள். அம்மா மூன்று நாள் கடலில் பட்டினி கிடந்து காப்பாற்றியதை அவள் ஒரு நிமிடத்தில் கொன்றுவிட்டாள். ஆகஸ்டில் அம்மா போனபோது யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். இந்த முறை அப்படிச் சொல்ல முடியாது. இதைச் செய்தது அவள் கைதான்.

மாலை வீடு வீடாகப் போனாள். அம்மா எத்தனையோ பேருக்கு உறைமோர் கொடுத்திருக்கிறாள். எந்த வீட்டிலாவது அது இருக்காதா?

எதிர்வீட்டு ராசம்மா அத்தை கதவைத் திறந்தாள். "உங்கம்மா தயிரா? நல்லா கத்தியால வெட்டுற மாதிரி உறையுமே. போன வருசம் வரைக்கும் அதைத்தான் ஊத்தினேன். அப்புறம் மூட்டுவலின்னு தயிரையே விட்டுட்டேன் கண்ணு."

மாடியில் பிஸ்வாஸ் ஆன்ட்டி இருந்தார். வங்காளி. தீவில் எல்லோருக்கும் பொதுவான இந்தியில்தான் அவரோடு பேச வேண்டும்.

"ஆன்ட்டி, மம்மி கா தஹி ஹை க்யா?" அம்மாவின் தயிர் இருக்கிறதா என்று கேட்டாள்.

ஆன்ட்டி அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "நஹி பேட்டா. கதம் ஹோ கயா," என்றார். முடிந்துபோய்விட்டது என்றார். பிறகு இரண்டு பிஸ்கட்டைக் கையில் திணித்தார்.

கோவில்பட்டியில் இருக்கும் சித்திக்கு போன் செய்தாள். அந்த உறை முதலில் வந்த வீடு அதுதானே.

"மாட்டை வித்து நாலு வருசமாச்சு உதயா. நாங்களும் இப்ப பாக்கெட்டுத்தான். ஏன், என்னாச்சு?"

"சும்மாதான் சித்தி."

கடைசியில் அவளும் கடைக்குப் போய் பாக்கெட் தயிர் வாங்கினாள். அதை அம்மாவின் தயிர்ப் பாத்திரத்தில் கொட்டினாள். பாக்கெட்டைக் கிழித்துத் தெருக்குப்பையில் போட்டாள். திருட்டு வேலை செய்பவள்போல் தெருவை இருபுறமும் பார்த்துக்கொண்டாள்.

இரவு கௌதம் ஒரு வாய் வைத்தான். நிறுத்தினான்.

"இது அம்மா தயிரு இல்ல."

"பால் பவுடர் வேற கம்பெனி. பேசாம சாப்பிடு," என்றாள் உதயா.

அப்பா தட்டைப் பார்த்தபடி இருந்தார். அன்றைக்குக் கடைசிப் பிடிச் சோற்றை வேகமாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டார். அவர் திட்டியிருந்தால்கூட உதயா கொஞ்சம் தூங்கியிருப்பாள்.

சனிக்கிழமை பள்ளி இல்லை. மதியம் கௌதம் தட்டின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து போராட்டம் நடத்தினான்.

"தயிரும் இல்ல. மோர் மிளகாயும் இல்ல. இந்த வீட்டுல ஒண்ணுமே இல்ல."

"இருக்கிறதைத் தின்னுடா," என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றாள்.

மோர் மிளகாய். ஏப்ரல் மாத வெயிலில் அம்மா போட்டது. மிளகாயைக் கீறி, உப்பிட்டு, மோரில் மூன்று நாள் ஊறவைப்பாள். பகலில் தகரக் கூரையில் காய வைப்பாள், மாலையில் எடுத்துத் திரும்பவும் அதே மோரில் போடுவாள். மோர் எல்லாம் மிளகாயில் ஏறிச் சுண்டும்வரை இது நடக்கும். காக்காய் விரட்டும் வேலை உதயாவுக்கு.

எந்த மோர் அது? வேறெந்த மோர் இருந்தது அந்த வீட்டில்? அந்த மிளகாய்கள் அடுப்பில் வேகவில்லை. காய்ந்துதான் போயின.

உதயா பரணைத் துழாவினாள். உப்பு ஜாடிக்குப் பின்னால், அரிசி டிரம்முக்குள், மாவு சலிக்கும் சல்லடைக்கு அடியில் எல்லாம் தேடினாள். மோர் மிளகாய் டப்பாவைக் காணவில்லை. இனி அப்பாவைத்தான் கேட்க வேண்டும். கேட்டால் ஏன் என்பார்.

ஆறு மணிக்கு அப்பா வந்தார். சட்டையெல்லாம் டீசல் வாசனை.

"அப்பா, மோர் மிளகாய் டப்பா எங்கப்பா?"

அப்பா குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "அது தீந்துபோச்சு தாயி."

"எப்போ?"

"எப்பவோ."

அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. நேற்றிலிருந்து உதயாவும் பொய்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அதனால் அந்தக் குரல் அவளுக்கு உடனே பிடிபட்டது.

"அப்பா, நான் அம்மா தயிரைக் கொன்னுட்டேன்," என்றாள்.

சொல்லத் தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை. கொதித்த பால், வெந்த முட்டை, காய்ந்தால் சிலது சாகாமல் கிடக்கும் என்று மிஸ் சொன்னது, ராசம்மா அத்தை, சித்தி, கிழித்துப் போட்ட பாக்கெட், எல்லாவற்றையும் சொன்னாள். அழுகை நடுநடுவே வந்து வார்த்தைகளை விழுங்கியது. கௌதம் அக்கா அழுவதைப் பார்த்துத் தானும் அழுதான். எதற்கென்று அவனுக்குத் தெரியாது.

அப்பா எழுந்து உள்ளே போனார். கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்தார். மடித்து வைத்த யூனிஃபார்முக்குக் கீழே கையை விட்டு ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தார்.

"பதினொண்ணு இருக்கு," என்றார்.

உதயா டப்பாவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பொரிச்சா தீந்துரும்ல," என்றார் அப்பா. "அதான் ஒளிச்சு வச்சேன். எப்பவாவது தெறந்து மோந்து பாத்துட்டு மூடி வச்சுருவேன்."

மூவரும் டப்பாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மிளகாய்கள் வெளுத்துச் சுருங்கிக் கிடந்தன. உப்பும் புளிப்புமாக ஒரு வாசனை.

"இதுல உசிரு இருக்கா தாயி?"

"தெரியலப்பா. இருக்கலாம். இல்லாமலும் போகலாம். போட்டுட்டா இதைத் திரும்பப் பொரிக்கவும் முடியாது."

அப்பா யோசித்தார். "எத்தனை வேணும்?"

"நாலு."

நான்கை எண்ணிக் கொடுத்தார். பிறகு ஐந்தாவதையும் எடுத்து அவள் கையில் வைத்தார்.

இந்த முறை பால் ஆறும்வரை உதயா அடுப்பங்கரையை விட்டு நகரவில்லை. சுத்தமாகக் கழுவிய விரலைப் பாலில் விட்டுப் பார்த்தாள். சுட்டது. இன்னும் கொஞ்சம் பொறுத்தாள். வெதுவெதுப்பு வந்ததும் அப்பாவும் விரலை விட்டுப் பார்த்தார். கௌதம் விரலை நீட்டியபோது இருவரும் ஒரே நேரத்தில் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த விரல் எங்கெல்லாம் போய்வந்தது என்று அவர்களுக்குத் தெரியும். ஐந்து மிளகாய்களும் பாலில் இறங்கின. மணி ஏழு.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மூடியைத் திறந்தார்கள்.

பால்தான். மேலே நாலைந்து மிளகாய் விதைகள் மிதந்தன.

"பால் அழுக்காயிருச்சு," என்றான் கௌதம்.

அப்பா ஒரு தடவை பார்த்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போனார். போகும்போது, "கொட்டிரு தாயி," என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் குளியலறையில் வெகுநேரம் தண்ணீர் ஊற்றும் சத்தமே கேட்கவில்லை.

உதயா பாத்திரத்தைத் தூக்கினாள். வாய்க்கால்வரை போனாள். அவளால் சாய்க்க முடியவில்லை. அம்மா பொருளை அவளே இரண்டாவது முறை அழிக்க வேண்டுமா? அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். இனி இந்த வீட்டில் அம்மா எங்கேயும் இல்லை என்று நினைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய்க் கணக்கு நோட்டை எடுத்து வந்தாள். சுதா மிஸ் சொன்னது நினைவுக்கு வந்திருந்தது. ஒரு கரண்டித் தயிரில் கோடிக்கணக்கில் இருக்குமாம். காய்ந்த மிளகாயில் எத்தனை பிழைத்திருக்கும்? நூறு என்று வைத்துக்கொண்டாள். மணிக்கு ஒரு தடவை இரண்டாகும் என்றும் தானாகவே வைத்துக்கொண்டாள்.

நூறு, இருநூறு, நானூறு, எண்ணூறு. காலை ஏழு மணி வரிசைக்கு வந்தபோது நான்கு லட்சம்தான் ஆகியிருந்தது. கோடி எங்கே, நான்கு லட்சம் எங்கே. அவள் எழுதிக்கொண்டே போனாள். பக்கம் தீர்ந்து அட்டையில் எழுதினாள். பிற்பகல் மூன்று மணி வரிசையில் பத்துக் கோடி வந்தது.

அப்பா தலை துவட்டிக்கொண்டு வந்தார்.

"இன்னும் கொட்டலயா?"

"மூணு மணி வரைக்கும் பொறுங்கப்பா. கொஞ்சம் பேர்தான் பிழைச்சிருப்பாங்க. அவங்களுக்கு நேரம் பத்தலை."

அப்பா நோட்டின் அட்டையைப் பார்த்தார். அந்தக் கணக்கு அவருக்குப் புரிந்ததா என்று தெரியாது. ஆனால் அன்றைக்கு வெளியே எங்கும் போகவில்லை. கௌதம் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, "மூணு ஆச்சா?" என்றான்.

மூன்று மணிக்கு உதயா மூடியைத் திறந்து பாத்திரத்தைச் சாய்த்தாள். ஓரத்தில் தண்ணீர் பிரிந்து நின்றது. நடுவில் இருந்தது ஓடவில்லை. லேசாக நடுங்கியது, அவ்வளவுதான்.

அப்பா குனிந்து அதை முகர்ந்து பார்த்தார்.

கௌதம் ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டான். முகம் கோணியது. "தயிரு கடிக்குது."

உண்மைதான். உப்பு, காரம், புளிப்பு எல்லாம் சேர்ந்து நாக்கைப் பதம் பார்த்தது. ஆனால் அதில் ஒரு கரண்டி எடுத்துப் புதுப் பாலில் ஊற்றினார்கள். மறுநாள் அதிலிருந்து ஒரு கரண்டி. நான்காம் நாள் காரமும் இல்லை, உப்பும் இல்லை. கௌதம் தட்டை நீட்டி, "இன்னும் ஊத்து," என்றான்.

அன்று பள்ளியில் உதயா சுதா மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். யாருடைய தயிர் என்பதையும் இந்தத் தடவை சொன்னாள். மிஸ் வெகுநேரம் அவள் தோளில் கை வைத்திருந்தார். ஆனால் பொய் சொல்லவில்லை. மிளகாய்க் காம்பிலேயே பாலை உறைய வைக்கும் பாக்டீரியா உண்டாம். உறைந்தது அதனாலா, அம்மாவின் மோராலா என்று அவரால் சொல்ல முடியாதாம்.

அன்று இரவு உதயா அதை அப்பாவிடம் சொன்னாள். சொல்லாமல் இருக்கலாம்தான். ஆனால் பொய் சொன்ன இரண்டு நாள் எப்படி இருந்தது என்று அவளுக்கு நினைவிருந்தது.

அப்பா கடைசிப் பிடிச் சோற்றை மெதுவாகப் பிசைந்தார். "காம்பைக் கிள்ளாம காயப்போட்டது யாரு தாயி?" என்றார். பிறகு மெதுவாகச் சாப்பிட்டார்.

மறுநாள் மாலை உதயா மூன்று தம்ளர்களைக் கழுவி எடுத்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி தயிர் விட்டாள்.

"எதுக்குக்கா?" என்றான் கௌதம்.

"ஒரே வீட்டுல இருந்தா என்னை மாதிரி ஒரு ஆளு ஒரே நாள்ல முடிச்சுரும்."

ஒன்று, "ஆகட்டும், மூட்டு வலிச்சா வலிச்சுட்டுப் போகுது," என்ற ராசம்மா அத்தைக்கு. ஒன்று அப்பாவோடு ஃபெர்ரியில் ஏறிக் கடலைத் தாண்டி, பம்பூஃபிளாட்டில் இருக்கும் அவர் கூட்டாளி விஜயன் மாமா வீட்டுக்கு. ஒன்று மாடிக்கு. பிஸ்வாஸ் ஆன்ட்டி தம்ளரை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

அடுத்த நாள் ஆன்ட்டி ஒரு மண்கிண்ணத்தில் தயிர் கொண்டுவந்து கொடுத்தார். பழுப்பு நிறத்தில் இருந்தது. அவர்கள் வழக்கப்படி சர்க்கரையைக் காய்ச்சிப் பாலில் ஊற்றி, அதில் உறை விட்டிருந்தார். அம்மா இருந்திருந்தால், என் தயிரில் போய்ச் சர்க்கரையா என்று மாடிக்கே சண்டைக்குப் போயிருப்பாள்.

உதயா கிண்ணத்தை விரலால் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று கேட்டாள்.